பெரிய குரூப் போட்டோவில் எல்லா முகமும் தெளிவாக விழ என்ன செய்ய வேண்டும்?

கல்யாண ஆல்பம் கைக்கு வந்ததும் குரூப் போட்டோ இருக்கும் பக்கத்தில் எல்லாரும் தேடுவது அவரவர் முகத்தைத்தான். அப்புறம் அம்மா முகம், பிள்ளை முகம். நடுவில் நிற்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் பளிச்சென்று விழுந்து, கடைசி வரிசை ஓரத்தில் நின்ற பெரியம்மாவின் முகம் மட்டும் மசமசவென்று இருந்தால், பெரியம்மா வீட்டாருக்கு அது கெட்டுப்போன போட்டோதான். ஐம்பது பேர் நிற்கும் படத்துக்குள் ஐம்பது பேருடைய படம் இருக்கிறது என்ற நினைப்போடு கேமராவைத் தூக்குங்கள். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே அந்த ஓரத்துப் பெரியம்மாவுக்காகத்தான்.

புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளையை "நீதான் கேமரா வச்சிருக்கியே, வா" என்று சொந்தக்காரர்கள் மேடைக்கு முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளிவிடப்பட்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த லென்ஸ் எதுவும் வேண்டாம், கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸே போதும். ஆட்களை எப்படி நிறுத்துகிறீர்கள், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. செட்டிங் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் மங்குகிறது?

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தூரத்தைத்தான் முழுத் துல்லியமாகக் காட்டும். கேமராவுக்கு எதிரே, சென்சாருக்கு (உள்ளே படம் பதியும் தகடு) இணையாக, ஒரு தட்டையான கண்ணாடித் தடுப்பு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடுப்பின் மேல் படும் முகங்கள் அத்தனையும் தெளிவாக இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னாலும் கொஞ்சம் பின்னாலும் இருப்பவையும் நம் கண்ணுக்குத் தெளிவு போலவே தெரியும். அந்த முன்பின் இடைவெளியைத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்கிறார்கள், இங்கே ஆழம் என்றே சொல்லிக்கொள்கிறேன். லென்ஸ் துளையை, அதாவது அபெர்ச்சரை, அகலமாகத் திறந்தால் ஆழம் குறையும் (எஃப் எண் சின்னதானால் துளை பெரிது, எண் பெரிதானால் துளை சின்னது), ஆளுக்குப் பக்கத்தில் போனால் குறையும், ஜூம் செய்தாலும் குறையும்.

எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கு. கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து, 4 மீட்டர் தள்ளி நிற்பவரை ஃபோகஸ் செய்தால், முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய 45 செ.மீ.தான் தெளிவாக விழும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பேரனுக்கும் இடையிலேயே அது தீர்ந்துவிடும். ஒற்றை ஆளைப் பின்னணி மங்கலாக எடுக்க அந்த லென்ஸ் அருமையானது, அதனால்தான் புதிதாக வருபவர்கள் இரண்டாவதாக வாங்குவதும் அதுவாகவே இருக்கிறது. ஆனால் அதே பழக்கத்தில் குரூப்பையும் எஃப் 1.8-இல் எடுத்துவிட்டு, கேமராவில் ஏதோ கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர்.

அதே கேமராவில் 24 மி.மீ., எஃப் 5.6, 5 மீட்டர் தூரம் என்று வைத்துப் பாருங்கள். இரண்டரை மீட்டரில் தொடங்கிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவு என்று கணக்கு சொல்லும். போனில் கிடைக்கும் ஆழக் கணக்கு ஆப்களும் இதைத்தான் காட்டும். ஆனால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தக் கணக்கு, நடுத்தர அளவில் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்துப் பார்ப்பவரின் கண்ணுக்கு எவ்வளவு மங்கல் தெரியாது என்பதை வைத்துப் போடப்பட்டது. குரூப் போட்டோவை அப்படி யாரும் பார்ப்பதில்லை, விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகத்தான் பார்க்கிறார்கள். 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 பிக்சல். ஒரு வரிசைக்கு இருபது பேர் என்றால் ஆளுக்கு 300 பிக்சல், அதில் தோள்பட்டை போக முகத்துக்கு மிஞ்சுவது பாதிகூட இருக்காது. அவ்வளவு சின்ன முகத்தில் லேசான மங்கல்கூடக் கண், மூக்கு, மீசை எல்லாவற்றையும் அழித்துவிடும். அதனால் ஆப் எஃப் 5.6 போதும் என்றால் எஃப் 8 வையுங்கள். எப்போதும் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் ஒரு படி) கூடுதல்.

ஆட்களை நிறுத்துவது

கேமராவைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுக் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

ஆட்களை எண்ணுங்கள். முப்பது பேர் என்றால் பத்துப் பேராக மூன்று வரிசை, ஐம்பது என்றால் பன்னிரண்டு பதின்மூன்று பேராக நான்கு வரிசை. வரிசை கூடக் கூட ஆழம் கூடுதலாக வேண்டும், வரிசையைக் குறைத்து நீளமாக நிறுத்தினால் நீங்கள் பின்னால் போக வேண்டும், முகம் சின்னதாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு பிடிக்க வேண்டும். 1927-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே இயற்பியல் மாநாட்டின் குரூப் போட்டோவை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஐன்ஸ்டைன், மேரி கியூரி, நீல்ஸ் போர் எல்லாரும் இருக்கும் படம். மொத்தம் 29 பேர்: முன்னால் 9 பேர் உட்கார்ந்து, நடுவில் 9 பேர் உட்கார்ந்து, பின்னால் 11 பேர் நின்று. மூன்றே வரிசை, வரிசைக்கு வரிசை தலை உயரம் ஏறிக்கொண்டே போகிறது, ஒரு முகமும் இன்னொரு முகத்தை மறைக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூட வகுப்புப் போட்டோவும் இதே கணக்குதான்: தரையில் சின்னப் பிள்ளைகள், நாற்காலியில் ஆசிரியர்கள், பின்னால் நிற்பவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சின் மேல் நிற்பவர்கள்.

வரிசைக்கு வரிசை இடைவெளியை நெருக்குங்கள். ஆழத்தை அபெர்ச்சரில் தேடுவதற்கு முன்னால் இங்கே தேட வேண்டும், இதற்குக் காசும் இல்லை, வெளிச்சமும் போகாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளித்தான் நிற்பார்கள். நான்கு வரிசையில் அது சேர்ந்து சேர்ந்து இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், முன்னால் இருந்து பார்த்தால் தெரியாதது அங்கே தெரியும். நாற்காலியில் இருப்பவர்கள் முதுகை நிமிர்த்தி, முதுகு நாற்காலியில் படும்படி பின்னால் தள்ளி உட்கார வேண்டும். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களின் வயிறு நாற்காலி முதுகில் உரச வேண்டும். கடைசி வரிசையைக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். தரையில் உட்காரும் பிள்ளைகள் கால்களை நீட்டாமல் சப்பணம் போட்டு, நாற்காலிக்காரர்களின் கால்களை ஒட்டி உட்காரட்டும். முன்வரிசை முகம் பின்னால் வந்து, பின்வரிசை முகம் முன்னால் வந்து, உடம்புகள் எங்கே இருந்தாலும் முகங்கள் நெருங்கிவிடும். நமக்கு வேண்டியது முகம்தானே.

அடுத்தது, வரிசை நேராக இருக்க வேண்டும். மணமேடையில் ஒரு பழக்கம் உண்டு: மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில், சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் பிறை வடிவத்தில் வளைந்து முன்னால் வந்து நிற்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் கண்ணாடித் தடுப்பு தட்டையானது, வளையாது. நடுவில் ஃபோகஸ் வைத்தால் ஓரத்தில் முன்னால் வந்து நிற்கும் மாமாவும் அத்தையும் தடுப்பைத் தாண்டி வெளியே நிற்கிறார்கள். எல்லாரும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தானே சரி என்று தோன்றும். அது சுழன்று சுழன்று எடுக்கும் பழைய பனோரமா கேமராவுக்குப் பொருந்தும், சாதாரண லென்ஸுக்குப் பொருந்தாது. வரிசையை நேராக்குங்கள், ஓரத்தில் இருப்பவர்கள் உடம்பை மட்டும் லேசாக நடுப்பக்கம் திருப்பிக்கொள்ளட்டும், காலை எடுத்து முன்னால் வைக்க வேண்டாம். மேடைத் தரையில் கார்ப்பெட் விளிம்பு, டைல்ஸ் கோடு என்று ஏதாவது இருக்கும். "எல்லாரும் அந்தக் கோட்டில் கால் வைங்க" என்று சொன்னால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

மறைப்பு. பின்வரிசைக்காரர், முன்னால் இருக்கும் இரண்டு தலைகளுக்கு நடுவில் முகம் வருமாறு நிற்க வேண்டும். "கேமரா உங்க ரெண்டு கண்ணுக்கும் தெரியுதா? தெரியாதவங்க கொஞ்சம் நகருங்க" என்று சத்தமாகக் கேளுங்கள். ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் பாதி முகம் மறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வயதானவர்களையும் கைக்குழந்தையோடு இருப்பவர்களையும் ஓரத்தில் விடாதீர்கள், நடுப்பக்கம் நாற்காலி கொடுத்து உட்கார வையுங்கள். அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பவர்களின் முகத்தையும் உடம்பையும் பக்கவாட்டில் இழுத்துவிடும். தவிர, எந்த லென்ஸுக்கும் மூலைதான் பலவீனமான இடம். ஃபிரேமின் இரண்டு ஓரத்திலும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கட்டும். பெஞ்ச், மேசை மேல் ஏற்றுவதாக இருந்தால் முதலில் நீங்கள் ஏறி ஆட்டிப் பாருங்கள், அப்புறம் பிள்ளைகளை ஏற்றுங்கள், இரண்டு முனையிலும் பெரியவர் ஒருவர் தரையில் நின்று பிடித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் எங்கே நிற்பது

குரூப்பின் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே. கொஞ்சம் பக்கவாட்டில் நின்றாலும் கண்ணாடித் தடுப்பு கோணலாகி, ஒரு முனை தெளிவாகவும் மறுமுனை மங்கலாகவும் விழும். மண்டபத்தில் அந்த நடு இடத்தை வீடியோ எடுப்பவர் பிடித்து வைத்திருப்பார். இரண்டு நிமிடம் இடம் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

முடிந்தவரை பின்னால் போங்கள், போய் அதற்கேற்ப ஜூம் செய்யுங்கள். இதனால் ஆழம் கூடும் என்று சிலர் சொல்வார்கள், கூடாது. அதே ஆட்கள் அதே அளவில் ஃபிரேமில் நிறைந்தால் ஆழம் ஏறக்குறைய அதேதான், பின்பக்கம் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். பின்னால் போகச் சொல்வதற்குக் காரணம் வேறு. முதல் வரிசை உங்களிடமிருந்து 3 மீட்டரிலும் கடைசி வரிசை 5 மீட்டரிலும் இருந்தால், கடைசி வரிசை முகம் முதல் வரிசை முகத்தில் ஐந்தில் மூன்று பங்குதான் இருக்கும். 8 மீட்டர், 10 மீட்டர் என்று ஆக்கிவிட்டால் ஐந்தில் நான்கு பங்கு. முகம் பெரிதானால் தெளிவும் கூடத் தெரியும், ஓரத்து முகங்கள் இழுபடுவதும் குறையும். கிராப் சென்சாரில் 24 முதல் 35 மி.மீ., ஃபுல் ஃபிரேமில் 35 முதல் 50 மி.மீ. எனக்குப் பிடித்த எல்லை. சின்ன ஹாலில் வேறு வழியில்லாமல் 18-க்குப் போக வேண்டியிருந்தால் போங்கள், ஓரத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

உயரமும் உதவும். ஸ்டூல், ஏணி, மாடிப்படி, எது கிடைத்தாலும் ஏறி நின்று கேமராவை லேசாகக் கீழே சாய்த்து எடுங்கள். கேமரா சாயும்போது கண்ணாடித் தடுப்பும் சாய்கிறது, அதன் மேல் பக்கம் உங்களைவிட்டு விலகிப் போகும். வரிசைகளும் பின்னால் போகப் போக உயர்ந்துதானே நிற்கின்றன? முகங்கள் தடுப்போடு பொருந்தி வந்துவிடும். மேடு இல்லாத மைதானத்தில் நூறு பேரை எடுக்க வேண்டும் என்றால் முதல் மாடி ஜன்னலைவிட நல்ல இடம் கிடையாது. எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

செட்டிங்

மேனுவல் மோடு பழகியிருந்தால் அது. இல்லையென்றால் அபெர்ச்சர் ப்ரையாரிட்டி (துளையை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் மோடு) வைத்து, ஷட்டர் ஸ்பீட், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், எங்கே விழுகிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிசைக்கு எஃப் 5.6, மூன்று நான்கு வரிசைக்கு எஃப் 8, அதற்கும் மேல் என்றால் எஃப் 11. ரொம்பவும் குறுக்கி எஃப் 16, எஃப் 22 என்று போக வேண்டாம். துளை அவ்வளவு சின்னதானால் ஒளி சிதறி மொத்தப் படமும் ஒரே சீராக மென்மையாகிவிடும், கிராப் சென்சாரில் எஃப் 11-ஐத் தாண்டியதுமே இது தெரியத் தொடங்கும்.

ஷட்டர் ஸ்பீட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஃபோகஸ் போய்விட்டது என்று சொல்லிக் காட்டப்படும் படங்களில் பல, உண்மையில் அசைவால் கெட்டவை. எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தைப் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். முன்னால் இருக்கும் நாற்காலிக் கைப்பிடியோ பின்னால் இருக்கும் பூ அலங்காரமோ கூர்மையாக இருந்து முகம் மட்டும் மங்கியிருந்தால், ஃபோகஸ் தப்பான தூரத்தில் விழுந்திருக்கிறது. எதுவுமே கூர்மையாக இல்லை, புள்ளி வெளிச்சங்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் கோடு இழுத்திருக்கின்றன என்றால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் தெளிவாக இருக்க ஒருவர் மட்டும் கலைந்திருந்தால் அவர் அசைந்திருக்கிறார். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு ஃபோகஸ் இடத்தை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு ட்ரைபாட், மூன்றாவதற்கு வேகமான ஷட்டர். ஐம்பது பேரில் யாராவது ஒருவர் தலையைத் திருப்பிக்கொண்டும் பிள்ளையை அதட்டிக்கொண்டும்தான் இருப்பார், அதனால் 1/125 வினாடியைவிட மெதுவாகப் போகவே வேண்டாம், 1/200 இருந்தால் நிம்மதி. ட்ரைபாட் உங்கள் கையைத்தான் நிறுத்தும், எதிரே நிற்பவர்களை நிறுத்தாது.

மிச்சத்தை ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) சுமக்கட்டும். வெளியே மர நிழலில் எஃப் 8, 1/250, ஐஎஸ்ஓ 400-இல் தொடங்கலாம். மண்டபத்துக்குள் ஃப்ளாஷ் இல்லாமல் என்றால் எஃப் 5.6, 1/125, ஐஎஸ்ஓ 3200 வரை போக வேண்டிவரும். ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து 400-லேயே வைத்துக்கொண்டு ஷட்டரை 1/30-க்கு இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். புள்ளியைக் கம்ப்யூட்டரில் குறைக்கலாம். அசைந்து அழிந்த முகத்தை எதை வைத்தும் முழுதாகத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஃப்ளாஷ் இருந்தால், அதைக் குரூப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்காதீர்கள். முதல் வரிசைக்கு 2 மீட்டரிலும் கடைசி வரிசைக்கு 4 மீட்டரிலும் ஃப்ளாஷ் இருந்தால், கடைசி வரிசைக்கு நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேரும். அதையே 6 மீட்டர், 8 மீட்டர் என்று பின்னால் நகர்த்திவிட்டால் பாதிக்கு மேல் கிடைக்கும். இருட்டில் விழும் முகம் ஃபோகஸில் இருந்தாலும் தெளிவாகத் தெரியாது. மண்டபத்தின் கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஃப்ளாஷ் தலையை மேலே திருப்பி அடியுங்கள், வெளிச்சம் பரவி எல்லாருக்கும் விழும், மூக்குக்கண்ணாடியில் பளபளப்பும் குறையும். ஃப்ளாஷ் போடும்போது ஷட்டர் 1/200-ஐத் தாண்ட வேண்டாம், பல கேமராக்களில் அதற்கு மேல் போனால் படத்தின் ஒரு பட்டை கறுத்துவிடும்.

வெளியே எடுப்பதானால் உச்சி வெயிலைத் தவிர்த்து நிழலுக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். பாதிப் பேர் வெயிலில், பாதிப் பேர் மர நிழலில் என்று மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஃபோகஸ் எங்கே வைப்பது

ஆட்டோ ஏரியாவை அணையுங்கள். கேமராவை அதன் போக்கில் விட்டால், பக்கத்தில் இருப்பது எதுவோ அதைப் பிடிக்கும், அது முதல் வரிசைக் குழந்தையின் முழங்காலாகக்கூட இருக்கலாம். முகம் கண்டுபிடிக்கும் வசதி ஒன்றிரண்டு பேருக்கு அருமை, ஐம்பது முகம் இருக்கும்போது எந்த முகத்தைப் பிடித்தது என்பது உங்கள் கையில் இல்லை. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், அதுவும் ஒரு தடவை பிடித்து நிற்கும் வகை: கேனானில் ஒன் ஷாட், நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-எஸ்.

புள்ளியை எந்த வரிசையில் வைப்பது? இரண்டு வரிசை என்றால் முதல் வரிசையில். மூன்று, நான்கு, ஐந்து வரிசை என்றால் இரண்டாவது வரிசையில். மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னாலும் இரண்டு பங்கு பின்னாலும் விழும் என்று பழைய போட்டோகிராஃபர்கள் சொல்வார்கள். எல்லாத் தூரத்துக்கும் அது அச்சாகப் பொருந்தாது, ரொம்பப் பக்கத்தில் எடுத்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஆனாலும் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் இரண்டாவது வரிசை நம்பகமான இடம்.

அந்த வரிசையில் யாரைப் பிடிப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஆட்டோ ஃபோகஸ், வெளிச்சமும் இருட்டும் மாறும் இடத்தைத் தேடும். வெறும் கன்னத்தில் வைத்தால் தடுமாறும். கறுப்பு ஃபிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி, அடர்த்தியான மீசை, நெற்றியில் பெரிய பொட்டு, இப்படி யாராவது நடுப்பக்கம் இருப்பார்கள், அவர்கள் கண்ணருகில் புள்ளியை வையுங்கள். புள்ளியை நகர்த்தி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃபிரேம் செய்தால் தடுப்பும் கூடவே திரும்பிவிடும்.

பச்சைப் புள்ளி வந்து ஃபோகஸ் பிடித்ததும் லென்ஸில் இருக்கும் சின்ன சுவிட்சை ஏஎஃப்-இலிருந்து எம்எஃப்-க்குத் தள்ளிவிடுங்கள், சுவிட்ச் இல்லாத லென்ஸானால் மெனுவில் மாற்றலாம். இனி எத்தனை படம் எடுத்தாலும் ஃபோகஸ் நகராது. நீங்களும் நகராமல் இருக்க வேண்டும், ஜூம் வளையத்தையும் தொடக் கூடாது. ட்ரைபாடில் இருந்தால் லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) பத்து மடங்கு பெரிதாக்கிக் கண் இமை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நடுங்காமல் இருக்க 2 வினாடி டைமரில் எடுங்கள்.

எத்தனை படம்?

நிறைய. ஃபோகஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் கண் மூடியிருந்தால் அந்த ஆளுக்குப் படம் இல்லை. ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதைக் கணக்காகவே போட்டு 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான வேடிக்கைப் பரிசு) வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைவான குழுவில், நல்ல வெளிச்சம் இருந்தால் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து வரும் எண்ணிக்கையில் படம் எடுங்கள், வெளிச்சம் குறைவு என்றால் இரண்டால் வகுங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. பன்னிரண்டு பேருக்கு வெளியே நான்கு, மண்டபத்தில் ஆறு. ஐம்பது பேர் என்று வந்துவிட்டால் ஒரே படத்தில் எல்லாக் கண்ணும் திறந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது, எனவே ஒரே இடத்தில் நின்று பத்துப் பதினைந்து படம் தட்டிவிடுங்கள். "எல்லாரும் கண்ணை மூடுங்க, மூணு சொன்னதும் திறங்க" என்று சொல்லி, திறந்து ஒரு நொடி கழித்து எடுப்பதும் நன்றாக வேலை செய்யும். சின்னப் பிள்ளைகளுக்கு, உங்கள் தலைக்கு நேர் மேலே சாவிக்கொத்தை ஆட்ட ஓர் ஆளை நிறுத்துங்கள். பக்கவாட்டில் நிறுத்தினால் எல்லாப் பிள்ளையும் அந்தப் பக்கம் பார்க்கும்.

ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். இரண்டு வீட்டுச் சொந்தத்தையும் தெரிந்த, குரல் உள்ள ஒரு மாமாவோ சித்தியோ எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள், அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்து பந்திக்கு ஆள் போவதற்குள் பெரிய குரூப்பை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று குறைத்துக்கொண்டே போங்கள். ஒரு தடவை சாப்பிடப் போனவர்களைத் திரும்ப மேடையேற்றுவது நடக்காத காரியம்.

கலைந்து போகச் சொல்வதற்கு முன்னால் ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கி நான்கு இடம் பாருங்கள்: முதல் வரிசை இடது ஓரம், முதல் வரிசை வலது ஓரம், கடைசி வரிசை இடது, கடைசி வரிசை வலது. நடுவைப் பார்க்கவே வேண்டாம், அங்கேதான் ஃபோகஸ் வைத்தீர்கள், அது சரியாகத்தான் இருக்கும். கடைசி வரிசை மங்கியிருந்தால் அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் குறுக்கி, ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கி, இன்னொரு சுற்று எடுங்கள். ஓர் ஓரம் மட்டும் மங்கல் என்றால் நீங்கள் நடுவில் நிற்கவில்லை, அல்லது அந்த ஓரத்து ஆட்கள் கோட்டைத் தாண்டி முன்னால் வந்திருக்கிறார்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு

போனின் சென்சார் சின்னது, லென்ஸும் சில மில்லிமீட்டர்தான், அதனால் 3 மீட்டர் தள்ளி நின்றாலே ஏறக்குறைய எல்லாம் ஆழத்துக்குள் வந்துவிடும். இங்கே பிரச்சினை வேறு. போர்ட்ரெய்ட் மோடை அணையுங்கள், அது பின்வரிசையைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். 0.5 என்று காட்டும் அகல லென்ஸில் ஓர முகங்கள் இழுபட்டுக் கலங்கும், 1 என்று இருக்கும் முக்கிய லென்ஸில் வைத்துப் பின்னால் போங்கள். லென்ஸைத் துணியால் துடையுங்கள், சட்டைப்பையிலிருந்து எடுத்த போனில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் இருக்காது. இருட்டான இடத்தில் போன் தானாகவே நைட் மோடுக்குப் போனால், அது ஒன்றிரண்டு வினாடி எடுத்துக்கொள்ளும், அவ்வளவு நேரம் ஐம்பது பேர் அசையாமல் நிற்க மாட்டார்கள். இருக்கும் விளக்கையெல்லாம் போட்டுவிட்டுச் சாதாரண மோடில் எடுங்கள்.

எடுத்து முடித்த பிறகு

ஒரே இடத்தில் நின்று பல படம் எடுத்ததன் பலன் இப்போது கிடைக்கும். எல்லாரும் நன்றாக இருக்கும் ஒரு படத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதில் கண் மூடியிருப்பவரின் முகத்தை மட்டும் அடுத்த படத்திலிருந்து எடுத்து ஒட்டலாம், ஃபோட்டோஷாப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலோ. கேமரா நகராமல் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஷார்ப்னெஸ் ஸ்லைடரை மட்டும் அளவோடு தொடுங்கள், அதிகமானால் முகமெல்லாம் கீறினாற்போல் ஆகிவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ஓர முகங்கள்தான் முதலில் கலங்கும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள். ஆல்பத்துக்குக் கொடுக்கும்போது, 6000 பிக்சல் அகலப் படத்தை 18 அங்குல அகலத்தில் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 330 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், பிரிண்ட் பிரமாதமாக வரும். 12-க்கு 36 ஆல்பத்தில் இரண்டு பக்கமும் விரித்துப் போடச் சொன்னால் அது பாதியாகக் குறையும், அதோடு நடுமடிப்பில் யாருடைய முகமாவது மாட்டும். டிசைன் செய்பவரிடம் ஒற்றைப் பக்கத்தில் முழுதாக வைக்கச் சொல்லுங்கள். விரித்துத்தான் வேண்டும் என்று வீட்டார் கேட்டால், மடிப்பு இரண்டு பேருக்கு நடுவில் விழுகிறதா என்று அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.